குறுக்கடுக்கு மரம்

குறுக்கடுக்கு மரம் என்பது, மரச்சட்டங்களைப் பக்கம் பக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் நார் குறுக்காக ஓடும்படி அடுத்த வரிசையைப் பரப்பி, இவ்வாறு மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்குகளைப் பசையிட்டு அழுத்தி ஆக்கப்படும் கனத்த கட்டடப் பலகம் ஆகும். பொறியாளர் இதனைச் சி.எல்.டி. என்று சுருக்கி வழங்குவர். சுவராகவும் தளமாகவும் கூரையாகவும் நின்று பாரம் தாங்கும் இப்பலகத்தையும், இதனோடு உறவுடைய ஒட்டடுக்கு உத்தரங்களையும் தூண்களையும் கொண்டு எழுப்பும் நிர்மாண முறை பெருமரக் கட்டுமானம் எனப்படும். மனிதன் கையாண்ட மிகப் பழைய கட்டடப் பொருள்களுள் ஒன்றாகிய மரம், பல மாடிகளைத் தாங்கத்தக்கது என்ற மதிப்பை இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் மீண்டும் பெற்றது. பழகிய பொருளைப் புதிய ஒழுங்கில் வைத்த அறிவும், அவ்வொழுங்கைப் பரிசோதனைச் சாலையில் ஒடித்தும் எரித்தும் ஆட்டியும் பார்த்த ஆராய்ச்சியுமே அம்மதிப்புக்குக் காரணங்கள்.

முன்வரலாறு

நெடிய மரங்கள் அருகிய காலங்களிலெல்லாம் சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரிய உறுப்பாக்கும் எண்ணம் தலையெடுத்திருக்கிறது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞராகிய பிலிபெர் தெ லோர்ம் 1561-ல் பாரிஸில் வெளியிட்ட நூலில், குறுகிய பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, அவற்றின் இணைப்புகள் ஒரே இடத்தில் கூடாதவாறு மாற்றி மாற்றி வைத்து, முளையும் ஆப்பும் இட்டு இறுக்கி, வளைந்த கூரை விலாக்களை ஆக்கும் வழியை விரித்துரைத்தார். இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, பாரிஸ் நகரத் தானியச் சந்தையின் வட்ட முற்றத்துக்கு லெகிராந்து, மொலினோ என்னும் இருவர் 1783-ல் அமைத்த பெரிய குவிமாடம் இம்முறையையே தழுவியது. அக்குவிமாடம் 1802-ல் தீக்கிரையாயிற்று. அதன் இடத்தில் பெலாஞ்சே என்பவர் இரும்புக் குவிமாடம் எழுப்பினார். ஐரோப்பிய நகரங்களின் பெருங்கட்டடங்களில் மரம் இரும்புக்கு இடம்விட்டு விலகத் தொடங்கிய காலத்தை இந்நிகழ்ச்சி நன்கு காட்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு இராணுவப் பொறியாளரான எமி என்பவர், பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தாமல் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று கிடத்தி, வளைத்து, திருகாணியாலும் இரும்புப் பட்டைகளாலும் பிணித்து வில்வளைவுகளைச் செய்தார். மரத்தின் நார் வளைவோடு தொடர்ந்து ஓடுவதால் தெ லோர்மின் முறையைவிட இது பலத்தில் சிறந்தது. ஆனால் இரும்புப் பிணிப்பு அடுக்குகள் வழுக்குவதை முற்றும் தடுக்க இயலாமையால், பல பலகைகள் ஒரே உறுப்பாக இயங்கவேண்டும் என்ற நோக்கம் முழுதும் கைகூடவில்லை.

அந்நோக்கம் பசையால் நிறைவேறிற்று. ஜெர்மனியின் வைமார் நகரத்துத் தச்சுத் தொழில் முதல்வரான ஒட்டோ ஹெட்சர், வளைந்த ஒட்டடுக்கு உத்தரங்களுக்கு 1906-ல் காப்புரிமை பெற்றார். 1910-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஜெர்மன் இரயில்வேக் கூடத்தின் கூரை, 43 மீட்டர் அகலத்தை நடுத்தூண் இன்றித் தாண்டி நின்று, அவர் முறையின் ஆற்றலைப் பிரத்தியட்சமாக்கியது. அக்காலத்துப் பசை பாலின் புரதத்திலிருந்து எடுக்கப்பட்ட கேசீன் ஆகும். உலர்ந்த கூடத்துக்குள் அது நீடித்து உழைத்தபோதிலும் ஈரத்தில் நெகிழும் இயல்பு உடையது.

அமெரிக்காவில் இம்முறை பரவியதற்கு விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் 1910-ல் தோன்றிய வன விளைபொருள் ஆராய்ச்சிச்சாலை பெரிதும் காரணமாயிற்று. அதே மாநிலத்துப் பெஷ்டிகோ என்னும் ஊரில் 1934-ல் பள்ளி உடற்பயிற்சிக் கூடம் ஒன்று ஒட்டடுக்கு வில்வளைவுகளின்மேல் எழுந்தது. ஆராய்ச்சிச்சாலையினர் அத்தகைய வில்வளைவுகளைப் பாரமேற்றிச் சோதித்து, அம்முடிவுகளை 1939-ல் அரசாங்க அறிக்கையாக வெளியிட்டனர். 1940-களில் ஈரத்துக்கு அஞ்சாத ரிசார்சினால் பசை வழக்குக்கு வந்தபின், பாலம், படகு, திறந்தவெளிக் கூரை ஆகிய எல்லாவற்றிலும் ஒட்டடுக்கு மரம் துணிந்து உபயோகிக்கப்பட்டது.

தோற்றம்

மேற்கூறிய உறுப்புகள் யாவும் நீளவாட்டில் பலமுடைய உத்தரங்களே. அடுக்குகளைக் குறுக்காக வைத்துப் பலகமாக்கும் எண்ணத்தை வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரைச் சேர்ந்த வால்ஷ், வாட்ஸ் என்னும் இருவர் 1923-ல் காப்புரிமையாகப் பதிவு செய்திருந்தனர். எனினும் அது தொழிலாக வளரவில்லை. 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளில் சிற்சில முயற்சிகள் நிகழ்ந்தன.

இன்று நாம் அறியும் குறுக்கடுக்கு மரத்தின் பிறப்பிடம் ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலமே ஆகும். நிலப்பரப்பில் பாதிக்கு மேல் காடாக உள்ள அம்மாநிலத்தில், அறுவை ஆலைகள் அடிமரத்தின் நடுப்பகுதியிலிருந்து உயர்ந்த விட்டங்களை எடுத்தபின், ஓரங்களில் விழும் பக்கப் பலகைகளை மலிவான விலைக்கு விற்கவேண்டியிருந்தது. இவற்றுக்கு மதிப்புமிக்க உபயோகம் ஒன்று காணவேண்டும் என்ற ஆலை முதலாளிகளின் நாட்டமும், கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணித அறிவும் ஒன்றுகூடின. அங்கே கெர்ஹார்ட் ஷிக்ஹோஃபர், அடுக்குகளால் ஆன பரப்பு உறுப்புகள் பாரத்தின்கீழ் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஆராய்ந்து 1994-ல் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்தார். 1998-ல் ஆஸ்திரியாவில் இப்பலகத்துக்கு முதல் தேசிய அங்கீகாரம் கிடைத்தது. இத்துறைக்கு அவர் ஆற்றிய தொண்டைப் பாராட்டி, வன விஞ்ஞானத்தின் மிக உயர்ந்த விருதுகளுள் ஒன்றான மார்கஸ் வாலன்பெர்க் பரிசு 2019-ல் அவருக்கு வழங்கப்பட்டது. ஆலையின் கழிவோரத்தில் கிடந்த பலகையை நகரத்து மாளிகையின் சுவராக உயர்த்திய இச்செயல், பல்கலைக்கழகமும் தொழிலும் கைகோத்தால் விளையும் நன்மைக்குச் சிறந்த சான்றாகும்.

பாகுபாடு

பெருமர உறுப்புகளை நாரின் திசை பற்றி இரு பெரும் பிரிவாகவும், பிணிப்பின் தன்மை பற்றி மூன்று பிரிவாகவும் வகுத்தல் பொருந்தும்.

நாரின் திசை பற்றியவை: (1) ஒருதிசை உறுப்புகள். சட்டங்கள் யாவும் ஒரே திசையில் கிடக்கும் ஒட்டடுக்கு மரமும், சீவிய மெல்லிய மரத்தகடுகளைப் பெரும்பாலும் ஒரே திசையில் ஒட்டிய தகட்டடுக்கு மரமும் இதில் அடங்கும். தூணுக்கும் உத்தரத்துக்கும் இவை உரியன. (2) இருதிசை உறுப்புகள். குறுக்கடுக்கு மரமும், பிளைவுட் பலகைகளைப் பல மடங்கு கனமாக்கியது போன்ற பெரும்பலகங்களும் இதில் அடங்கும். சுவருக்கும் தளத்துக்கும் இவை உரியன.

பிணிப்பு பற்றியவை: (1) பசையால் பிணித்தவை. (2) ஆணியால் பிணித்தவை. வட அமெரிக்காவின் பழைய ஆலைகளிலும் பண்டகசாலைகளிலும் சட்டங்களை நிறுத்தி ஆணியடித்த தளங்கள் இவ்வகையின. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பேராசிரியராக விளங்கிய யூலியஸ் நாட்டரர் 1970-களில் இவ்வகைக்குப் புத்துயிர் அளித்தார். (3) மர முளையால் பிணித்தவை. நன்கு உலர்ந்த கடின மர முளைகள் சட்டத்தின் ஈரத்தை ஏற்று வீங்குவதால் பிணிப்பு தானே இறுகும். பசையோ உலோகமோ இதற்கு வேண்டியதில்லை.

குறுக்கடுக்கு மரத்தினுள்ளும் உட்பிரிவுகள் உண்டு. சுவர்ப் பலகத்தில் வெளியடுக்கின் நார் மேல்கீழாக ஓடும். தளப் பலகத்தில் அது தாங்கிகளுக்கிடையே நீளவாட்டில் ஓடும். சட்டங்களின் பக்க விளிம்புகளையும் ஒட்டியது, ஒட்டாதது எனவும், வெளியே தெரியும்படி இழைத்தது, மூடி மறைக்கத்தக்கது எனவும் வாணிபத்தில் பிரிப்பர்.

ஆக்கமுறை

பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரமே பயன்படுகிறது. 20 முதல் 40 மில்லிமீட்டர் கனமுள்ள சட்டங்களைச் சுமார் 12 சதவீத ஈரத்துக்கு உலர்த்தி, பலம் பார்த்துத் தரம் பிரித்து, முனைகளை விரல்போல் வெட்டிக் கோத்து நீட்டி, மெலமின் அல்லது பாலியூரித்தேன் வகைப் பசையிட்டு அழுத்துவர். ஏறத்தாழ 16 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள பலகங்கள் சாதாரணமாக ஆக்கப்படுகின்றன. கதவு, சன்னல் ஆகியவற்றின் துவாரங்களைக் கணிப்பொறி வழிநடத்தும் வெட்டுக்கருவி ஆலையிலேயே அமைத்துவிடுவதால், கட்டுமிடத்தில் தூக்கி நிறுத்தித் திருகாணி முடுக்கும் வேலையே எஞ்சும்.

மரம் ஈரத்தை ஏற்றும் இழந்தும் குறுக்குவாட்டில் விரிந்து சுருங்கும். நீளவாட்டிலோ அசைவு மிகச் சொற்பம். அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றை ஒன்று குறுக்கே பற்றிக்கொள்வதால், ஓரடுக்கு விரிய முயலும் திசையில் மற்றது அசையாது நின்று தடுக்கிறது. மரத்தின் பழைய குறையாகிய நெளிவும் கோணலும் இவ்வொழுங்கினாலேயே பெரிதும் அடங்கின.

பலம் பற்றிய ஆராய்ச்சி

கட்டடங்களுக்கு வழக்கமாக எடுக்கும் ஊசியிலை மரத்தின் விறைப்பு நாரோட்டத்தில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 11,000 நியூட்டனாகவும், குறுக்கே சுமார் 370 நியூட்டனாகவும் கணக்கிடப்படுகிறது. ஆகவே குறுக்கடுக்குகள் வளைவைத் தாங்குவதில் சிறிதே உதவுகின்றன. ஆனால் வெளியடுக்குகளை ஒன்றோடொன்று சேர்த்து இயங்கச் செய்யும் பொறுப்பு அவற்றினுடையது. பாரம் வளைக்கும்போது அவ்வடுக்கினுள், வைக்கோல் கட்டின்மீது உள்ளங்கையை ஊன்றித் தள்ளினால் தாள்கள் உருளுவது போல, நார்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள முயல்கின்றன. உருளுநறுக்கம் எனத்தக்க இவ்விளைவுக்கு மரம் காட்டும் விறைப்பு, நீளவாட்டு நறுக்கத்துக்குக் காட்டுவதில் பத்தில் ஒரு பங்கையும் எட்டாது. தளம் ஒன்றின் தொய்வையும் முறிவையும் கணிப்பதில் இதனைப் புறக்கணிக்கும் கணக்கு பிழையாகவே முடியும். கார்ல்ஸ்ரூவே நகரத்துக் கார்ல் மேலர், ஆணியால் பிணித்த உத்தரங்களுக்கு வகுத்திருந்த காமா முறையைப் பொறியாளர் இப்பலகத்துக்குப் பொருத்திக்கொண்டனர். மியூனிக் நகரத்து ஹைன்ரிஷ் கிரொய்ட்சிங்கர் வகுத்த நறுக்க ஒப்புமை முறை எவ்வகை அடுக்கமைப்புக்கும் பொருந்தும் பொதுமை உடையது.

நெருப்பு

கனத்த மரம் எரியும்போது அதன் மேற்பரப்பில் கரிப்படலம் உண்டாகி, உள்மரத்தை வெப்பத்தினின்று காக்கிறது. ஐரோப்பிய விதிகளில் ஊசியிலை மரம் நிமிடத்துக்கு 0.65 மில்லிமீட்டர் வீதம் கரியாவதாகக் கொள்ளப்படுகிறது. அதாவது ஒரு மணி நேரத் தீயில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அழியும். இவ்வளவைக் கூடுதல் கனமாக முன்கூட்டியே சேர்த்துவிட்டால் எஞ்சிய மரம் பாரத்தைத் தாங்கும். ஆயினும் சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆந்திரேயா ஃபிராங்கியும் அவருடைய குழுவினரும் நடத்திய சோதனைகள், சில பாலியூரித்தேன் பசைகள் வெப்பத்தில் நெகிழ்வதால் கரிந்த அடுக்கு உதிர்ந்து, காப்பற்ற புதுமரம் தீயின் முன் வெளிப்படுவதைக் காட்டின. இக்கண்டுபிடிப்பு இத்துறைக்குப் பேருபகாரமாயிற்று. வட அமெரிக்கத் தரவிதி 2018-ல் திருத்தப்பட்டு, வெப்பம் தாங்கும் பசையே வேண்டும் என்று விதித்தது. 2017-ல் மேரிலாந்து மாநிலத்துச் சோதனைச்சாலையில், மேசை நாற்காலி முதலிய தட்டுமுட்டுகளோடு கூடிய இரண்டு மாடிக் குடியிருப்பு அமைப்பு முழு அளவில் மீண்டும் மீண்டும் எரித்துப் பார்க்கப்பட்டது.

நிலநடுக்கம்

மரப்பலகம் விறைப்பானது, அதிர்ச்சியின் ஆற்றலை அது தானே விழுங்காது. அதனை விழுங்குவன பலகங்களைப் பிணிக்கும் ஆணி, திருகாணி, உலோகக் கோணம் ஆகியவையே. இக்கருத்தை மெய்ப்பிக்க இத்தாலியின் டிரெண்டோ பிரதேசத்து ஆராய்ச்சியாளர், அரியோ செக்கொட்டியின் தலைமையில், சோஃபி என்னும் திட்டத்தை மேற்கொண்டனர். 2006-ல் ஜப்பானின் த்ஸுகுபாவில் மூன்று மாடி வீட்டையும், 2007 அக்டோபரில் மீக்கி நகரத்து மாபெரும் அதிர்வு மேடையில் ஏழு மாடிக் கட்டடத்தையும் ஆட்டிப் பார்த்தனர். 1995-ல் கோபே நகரை நாசமாக்கிய நிலநடுக்கத்தின் அதிர்வுகளை அப்படியே செலுத்தியும் ஏழு மாடிக் கட்டடம் சரியாது நின்றது; சேதம் பிணிப்புகளோடு நின்றுவிட்டது. எனினும் மேல் மாடிகளில் குலுக்கம் மிகுதியாக இருந்தது ஒரு குறை. நியூசிலாந்தின் காண்டர்பரி பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பியூக்கானன், ஸ்டெஃபானோ பம்பானின் ஆகியோர் வளர்த்த முறை வேறொரு வழியைக் காட்டியது. இழுத்து முறுக்கிய எஃகுத் தண்டுகள் செருகப்பட்ட சுவர், நிலம் ஆடும்போது அடியில் சற்றே சாய்ந்தாடி, பின் நேர்நிலைக்குத் தானே மீளும். 2023-ல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பத்து மாடி மரக்கட்டடம் இவ்வகைச் சுவர்களோடு சோதிக்கப்பட்டு வெற்றி கண்டது.

கரியும் காடும்

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி ஆகும். ஒரு கன மீட்டர் ஸ்புரூஸ் மரம் வளரும்போது காற்றிலிருந்து ஏறத்தாழ முக்கால் டன் கரியமிலவாயுவை ஈர்த்திருக்கும். மரம் வெட்டுவதாலும் கொண்டுசெல்வதாலும் வரும் வெளியீட்டைச் சிலர் ஆட்சேபமாகக் கூறுவர். எனினும் வெட்டிய இடத்தில் மறுபடி நட்டுக் காக்கும் காட்டிலிருந்து வந்த மரம், சிமெண்டுக்கும் எஃகுக்கும் ஈடாக நிற்கும்போது, நாட்டுக்கு நன்மையே செய்கிறது.

இன்றைய நிலை

லண்டனில் 2009-ல் முடிந்த முர்ரே குரோவ் குடியிருப்பின் எட்டு மாடி மரக்கூட்டை நான்கு தச்சர் 27 நாட்களில் நிறுத்தினர். பின்னர் மெல்போர்னின் ஃபோர்ட்டே (2012), வான்கூவரின் 18 மாடி மாணவர் விடுதி (2017), நார்வேயின் 85.4 மீட்டர் உயர்ந்த மியோஸ்டோர்னெட் (2019), மில்வாக்கியின் 25 மாடி அசென்ட் (2022) முதலியன எழுந்தன. அமெரிக்க மாதிரிக் கட்டட விதி 2021 முதல் 18 மாடி வரை அனுமதிக்கிறது. இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள் 2018 முதல் விலக்கப்பட்டுள்ளது. இந்தியாவில் மத்தியப் பொதுப்பணித்துறை தன் கட்டடங்களில் மரத்துக்கு 1993-ல் விதித்த தடை 2020-ல் நீங்கியது. ஆயினும் ஸ்புரூஸ் மரத்துக்குக் கண்ட எண்களை வேறு இன மரங்களுக்கு அப்படியே கடன் வாங்குதல் ஆகாது; கடலோர ஈரத்திலும் கறையான் மிகுந்த மண்ணிலும் நிற்கவேண்டிய பலகத்தை இந்நாட்டு மரங்களிலிருந்து ஆக்கி, இந்நாட்டுப் பரிசோதனைச் சாலைகளிலேயே சோதித்தறிதல் இன்றியமையாதது.