'என்வி', 'ஜெலசி' – இரண்டும் பொறாமைதானா?

ஆங்கில விவிலியத்தில் பத்துக் கட்டளைகளை வாசிக்கும் மறைக்கல்வி மாணவர் ஒருவர், "கடவுள் 'ஜெலஸ்' என்று எழுதியிருக்கிறதே, கடவுள் பொறாமைப்படுவாரா?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? 'என்வி', 'ஜெலசி' ஆகிய இரு சொற்களையும் நாம் 'பொறாமை' என்றே சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது.

என்வி: 'இன்விதியா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தீய எண்ணத்தோடு பார்ப்பது என்பது இதன் அடிப்படை. நாம் 'கண் வைப்பது' என்கிறோமே, அதற்கு நெருக்கமானது. பிறரிடம் உள்ள நன்மையைக் கண்டு வருந்துவதே என்வி. ஏழு தலையான பாவங்களுள் ஒன்றாகத் திருச்சபை குறிப்பிடுவது இதையே. இயேசுவைத் தலைவர்கள் கையளித்தது இதனால்தான் என்பதைப் பிலாத்தும் அறிந்திருந்தான் (மத்தேயு 27:18).

ஜெலசி: 'செலோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆர்வம், வைராக்கியம் என்று பொருள்படும் 'சீல்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் பிறந்ததே. நமக்கு உரியதை வேறொருவர் பறித்துவிடுவாரோ என்ற தவிப்பே ஜெலசி. என்விக்கு இருவர் போதும். ஜெலசிக்குப் பெரும்பாலும் மூவர் வேண்டும்.

ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில் இரண்டையும் காணலாம். தனக்குக் கிடைக்காத பதவி காசியோவுக்குக் கிடைத்ததால் இயாகோ பொருமுவது என்வி. மனைவி தன்னைவிட்டுப் போய்விட்டாளோ என்று ஒதெல்லோ சந்தேகிப்பது ஜெலசி. அந்தச் சந்தேகமே கொலையில் முடிகிறது.

இன்றைய பேச்சு ஆங்கிலத்தில், என்வி வரவேண்டிய இடத்திலும் 'ஜெலஸ்' என்றே பலர் சொல்கிறார்கள். அகராதிகளும் அதை ஏற்கின்றன. ஆனால் ஜெலசி வரவேண்டிய இடத்தில் 'என்வி' பொருந்தாது. யோசேப்பின் சகோதரர்களைப் பற்றிய தொடக்கநூல் 37:11ஐ கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு 'என்வி' என்றும், பிற்கால மொழிபெயர்ப்புகள் பல 'ஜெலஸ்' என்றும் தருகின்றன.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். விடுதலைப் பயணம் 20:5இல் கடவுளைக் குறிக்கும் அச்சொல்லில் என்விக்கு இடமே இல்லை. எல்லாம் அவருடையதாக இருக்க, எதைப் பார்த்து அவர் ஏங்குவார்? தம் மக்களைப் பொய்த் தெய்வங்களுக்கு விட்டுக்கொடுக்காத அன்பையே அது குறிக்கிறது. பவுலடியாரும் கொரிந்து மக்கள்மீது இத்தகைய உணர்வு கொண்டிருந்தார் (2 கொரிந்தியர் 11:2).

ஆன்மச் சோதனையின்போது இந்த வேறுபாடு நமக்கும் உதவும். அடுத்தவரின் உயர்வு நம்மை வருத்துகிறதா? அல்லது நாம் அன்பு செய்வோரைச் சந்தேகத்தால் வதைக்கிறோமா? முன்னதற்கு மருந்து, பிறர் நலம் கண்டு மகிழ்வது. பின்னதற்கு மருந்து, நம்பிக்கை.