ஒரு பைசாக் கணக்கும் ஒரு டம்ளர் டீயும்

சரவணம்பட்டியைத் தாண்டிச் சத்தி ரோட்டில் கோவில்பாளையம் பக்கம் போகிறவர்களுக்கு வையம்பாளையம் தெரிந்திருக்கும். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் ஊர். 1970-ல் அரசு விவசாய மின்கட்டணத்தை உயர்த்தியபோது அவர் முன்னின்ற போராட்டம், யூனிட்டுக்கு ஒரு பைசா குறைப்பில் வந்து முடிந்தது. அதற்குள் பெருமாநல்லூரில் ஜூன் 19-ஆம் தேதி மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் பலியாகியிருந்தார்கள். 1972-ல் மறுபடியும் கட்டணம் ஏறியது. மாட்டுவண்டிகள் கோவைக்குள் நுழைந்து சாலைகளை அடைத்துக்கொண்டு நின்றன.

ஒரு பைசாவுக்கா இவ்வளவு என்று நகரத்தில் கேட்டவர்கள் உண்டு. தோட்டத்தில் இருந்தவர் அப்படிக் கேட்கமாட்டார். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 30 யூனிட். ஒரு பைசா ஏறினால் நாளைக்கு முப்பது பைசா, மாதத்துக்கு ஒன்பது ரூபாய். அன்றைய விலைவாசியில் அது கையைக் கடிக்கிற தொகை. இந்தக் கணக்கைச் சொல்லித்தர எந்தப் பேச்சாளரும் மேடை ஏற வேண்டியிருக்கவில்லை. ஆளாளுக்குப் போடத் தெரிந்திருந்தது. சங்கத்தின் பலமே அதுதான் என்பது என் எண்ணம். சமூகநீதிக்கான களப்பணியாளர்களைப் பயிற்றுவிப்பது பற்றி எழுதச் சொன்னபோது முதலில் நினைவுக்கு வந்ததும் இதுதான்.

ஆனால் அதே தோட்டத்தில் பண்ணையாளாக இருந்த அருந்ததியர் வீட்டில் மோட்டாரும் இல்லை, மின்கட்டண ரசீதும் இல்லை. கட்டணம், கடன், விளைபொருள் விலை என்று சங்கம் பேசியதெல்லாம் நிலமுள்ளவர்களின் வழக்கு. இதைச் சொல்வதால் நாயுடுவின் பெருமை குறையாது. கொங்கு நாட்டில் சமூகநீதி பேச வருகிறவர் இன்னொரு கணக்கும் படித்தாக வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கணக்கு டீக்கடையில் இருக்கிறது.

இரட்டை டம்ளர் முறையை எதிர்த்துப் பெரியாரிய அமைப்புகளும், 2007-ல் உருவான தீண்டாமை ஒழிப்பு முன்னணியும், அருந்ததியர் அமைப்புகளும் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்திருக்கின்றன. என்னைக் கேட்டால், இளைஞர்களுக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. புதிதாகப் போகிறவர் கடைக்குள் நுழைந்ததும் “இங்கே தீண்டாமை இருக்கிறதா?” என்று கேட்பார். “அதெல்லாம் அந்தக் காலமுங்க” என்று பதில் வரும். நோட்டில் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவார். பழகியவர் ஒன்றும் கேட்பதில்லை. டீ சொல்லிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். யாருக்குக் கண்ணாடி டம்ளர், யாருக்குப் பேப்பர் கப், யார் பெஞ்சில் உட்காருகிறார், யார் வெளியே நின்றபடி குடிக்கிறார், அறுபது வயதுக்காரரை இருபது வயதுப் பையன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறானா என்று பார்ப்பார். பேப்பர் கப் வந்தபிறகு கடைக்காரரிடம் சுகாதாரம் என்ற பதில் தயாராக இருக்கிறது. அந்தச் சுகாதாரம் எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்து, தேதி நேரத்தோடு எழுதி வைத்தால்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி கொடுக்கிற புகார் நிற்கும். சட்டம் வந்தது 1989-ல். புகார் எழுதத் தெரிந்த ஆள்தான் இன்றைக்கும் பற்றாக்குறை.

எண்களின் வலிமைக்கு அருந்ததியர் உள் ஒதுக்கீடே சாட்சி. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் தங்களுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று அவர்கள் விடாமல் கேட்டார்கள். நீதிபதி எம். எஸ். ஜனார்த்தனம் பரிந்துரைக்க, 2009-ல் 3 விழுக்காடு சட்டமானது. பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது.

கடல் கடந்தும் ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1932-ல் தொடங்கிய, களப்பணியாளர்களைப் பயிற்றுவித்த ஹைலாண்டர் பள்ளிக்கு ரோசா பார்க்ஸ் 1955 கோடையில் போனார். சில மாதங்கள் கழித்துப் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார். உலகம் இதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. அதே பள்ளியோடு சேர்ந்து கறுப்பின ஆசிரியை செப்டிமா கிளார்க் ஜான்ஸ் தீவில் ஏற்படுத்திய குடியுரிமை வகுப்பு இன்னும் பெரிய காரியம். 1957-ல் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் அது தொடங்கியது. ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன் தொழில்முறை ஆசிரியர் அல்லர்; அழகுநிலையம் நடத்தியவர். என்ன கற்க வேண்டும் என்று வந்தவர்களையே கேட்டார். பெயரைக் கையெழுத்திட வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், வாக்காளராகப் பதிய வேண்டும் என்றார்கள். பாடத்திட்டம் அதுவே ஆயிற்று.

2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த சரவணம்பட்டியில் இன்று ஐ.டி. பார்க்குகள் நிற்கின்றன. அவற்றைக் கூட்டுகிறவர்களும் காவல் காக்கிறவர்களும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். 2022 அக்டோபரில் கோவை மாநகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டது, ஆட்சியர் நிர்ணயித்த 721 ரூபாய் நாட்கூலியைத்தான். அந்த வகுப்பைப் போலவே, இங்கே பயிற்சி சம்பளச் சீட்டிலிருந்து தொடங்கட்டும். பி.எஃப். 12 விழுக்காடு, ஈ.எஸ்.ஐ. முக்கால் விழுக்காடு பிடித்திருக்கிறார்கள். பிடித்தது கணக்கில் ஏறியதா? யு.ஏ.என். என்கிற பி.எஃப். கணக்கு எண்ணை வாங்கி பாஸ்புக்கைப் பார்க்கக் கற்ற பெண், அடுத்த வாரம் பத்துப் பேருக்குப் பார்த்துக் கொடுப்பாள். அவள்தான் தலைவி, மேடைப் பேச்சு வராவிட்டாலும் பாதகமில்லை.

நம் பயிற்சி முகாம்களோ பெரும்பாலும் பேச்சிலேயே கழிகின்றன. காலையில் சமூகநீதி வரலாறு, மதியம் சாப்பாடு, மாலையில் குரூப் போட்டோ, சான்றிதழ். வரலாறு வேண்டாம் என்று சொல்லவில்லை; சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8-ல் தூக்கிலிடப்பட்டதை அறியாதவர் கோவையில் தொழிலாளர் உரிமை பேசுவது அழகல்ல. ஆனால் அதைக் கேட்டுக் கண் கலங்கியவருக்கு மறுநாள் ஒரு மனு எழுதத் தெரிய வேண்டாமா?

முகாம் நடத்துகிற அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி நாளில் சான்றிதழ் தராதீர்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் தம் தெருவைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை ஒவ்வொருவரும் அனுப்பட்டும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு எழுதட்டும். அந்தப் பதிலோடு வருகிறவருக்குச் சான்றிதழ் கொடுங்கள்.