வன்னியின் மழைக்காலமும் செய்மதி வலையமைப்புகளின் ஒருங்கிணைப்பும்

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்து 15 நிமிடங்களில், ஹவாயிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. இலங்கையின் கிழக்குக் கரையை அலை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்தது. அறிக்கையோ பசுபிக் நாடுகளுக்கானது. இந்துமாக்கடலுக்கென எச்சரிக்கை முறைமை எதுவும் அப்போது இல்லை. அன்றும் வன்னிக் கரையிலுள்ள முல்லைத்தீவின் வானில் தொடர்பாடல் செய்மதிகள் இருந்தன. எவரிடமிருந்து எவருக்கு, எந்த வழியால் செய்தி போகவேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் இருக்கவில்லை.

பல செய்மதி வலையமைப்புகளுக்கிடையே தரவை வழிப்படுத்துவது பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி, தாமதத்தைக் குறைப்பதையே இலக்காகக் கொள்கிறது. வன்னிப் பெருநிலத்துக்கு அந்த இலக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கு வழியைத் தீர்மானிக்க வேண்டியது செய்தியின் தன்மை; அந்தத் தீர்மானம் எடுக்கப்பட வேண்டிய இடம் மாவட்டம்.

காரணம் வானிலையில் இருக்கிறது. புவிநிலைச் செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பதால், கேள்வி போய்ப் பதில் வர ஏறத்தாழ அரை நொடி ஆகிறது. சுமார் 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் அதைப் பத்தில் ஒரு பங்காக்கிவிடுகிறது. வேகத்தை மட்டும் பார்க்கும் எந்தக் கணிப்பும் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கும். ஆனால் அச்சேவையின் பயனர் இணைப்புகள் கேயூ அலைவரிசையில் இயங்குகின்றன. கனமழை அந்த அலைகளை நலிவடையச் செய்கிறது. இரிடியம், இன்மார்சாட் போன்ற செய்மதிச் சேவைகள் தொலைபேசிகளுக்கும் சிறு கருவிகளுக்கும் பயன்படுத்தும் எல் அலைவரிசையை மழை அநேகமாகத் தொடுவதில்லை. வடகீழ்ப் பருவமழைதான் வன்னியின் குளங்களை நிரப்புவதும், வெள்ளத்தைக் கொண்டுவருவதும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நீரில் மூழ்கியது இந்தப் பருவத்தில்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்ததும் இதே பருவத்தில்தான். வேகமான வழி நலிவடையும் நாளும் செய்தி மிக அவசியமாகும் நாளும் இங்கே ஒன்றாகவே வருகின்றன.

அகலாங்கும் இதில் சேர்கிறது. ஸ்டார்லிங்கின் செய்மதிகளில் பெரும்பாலானவை 53 பாகைக்கு அண்மித்த சாய்வில் சுற்றுகின்றன. அவை நெருக்கமாகத் திரள்வது அந்த அகலாங்கையொட்டி. ஒன்பதரைப் பாகைக்குக் கிட்டவுள்ள கிளிநொச்சியின் வானில் அவற்றின் செறிவு குறைவு. புவிநிலைச் செய்மதியோ நிலநடுக்கோட்டுக்கு அருகே தலைக்கு மேலாகவே தெரியும். மரங்களும் கட்டடங்களும் அதை மறைப்பது அரிது. வடக்கு நாடுகளில் வரைந்த ஒப்பீட்டு அட்டவணைகளை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது.

வலையமைப்புகள் தமக்குள்ளேயே இதைச் சீர்செய்துகொள்ளும் என்று எதிர்பார்க்கவும் இடமில்லை. இணையத்தில் வலையமைப்புகளிடையே வழிகளை அறிவிக்கும் பிஜிபி நெறிமுறைக்கு மழையும் தெரியாது, செய்தியின் அவசரமும் தெரியாது. செய்மதி எப்போது தொடுவானுக்கு மேலே வரும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம் என்ற உண்மையைப் பயன்படுத்தும் வழிப்படுத்தல் முறை ஒன்றை, விண்வெளித் தரவு முறைமைகளுக்கான ஆலோசனைக் குழு 2019இல் தரப்படுத்தியது. செய்தியைச் சேமித்து வைத்து, அடுத்த தொடர்பு கிடைத்ததும் அனுப்பும் இந்த அணுகுமுறை மிகப் பயனுள்ளது. ஆனால் போட்டி நிறுவனங்கள் தம் தொடர்பு அட்டவணைகளை ஒன்றோடொன்று பகிரும் என்று நம்பி ஒரு மாவட்டத்தின் பாதுகாப்பைத் திட்டமிட முடியாது.

இலங்கையில் இதற்கு முன்னனுபவம் உண்டு. சுனாமிக்குப் பின் லேர்ண்ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதய இயக்கமும் 32 கரையோரக் கிராமங்களில் செய்மதி வானொலி, விசாற் எனும் சிறு செய்மதித் தரைநிலையம், கைத்தொலைபேசி, நிலையான தொலைபேசி, தொலை எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றை ஒப்பிட்டுச் சோதித்தன. தனியொரு கருவியை நம்புவதைவிட ஒன்றை ஒன்று ஈடுசெய்யும் இணைப்புகள் மேலானவை என்பதே அதிலிருந்து நான் எடுக்கும் பாடம். பிற்கால நிகழ்வும் இதை வலுப்படுத்துகிறது: அந்தச் செய்மதி வானொலியை வழங்கிய வேர்ல்ட்ஸ்பேஸ் 2008இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது.

2024இல் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியபின், இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதாகச் சிலர் கருதலாம். அதே மாதம் 24ஆம் திகதி ஒரு மென்பொருள் கோளாறால் அச்சேவை உலகெங்கும் இரண்டரை மணி நேரம் தடைப்பட்டது. செய்மதித் தொலைபேசிச் சேவை வழங்கும் துராயா நிறுவனம் 2024இல் தன் மூன்றாவது செய்மதியின் சேவையை இழந்தது. எந்த ஒற்றை வலையமைப்பும் விழக்கூடியதே.

ஆகவே நான் முன்வைக்கும் ஏற்பாடு இது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். வவுனியாப் பக்கம் பெய்யும் மழை கனகராயன் ஆற்றினூடாக அக்குளத்தில் சேர்கிறது. வான்கதவுகள் திறந்தால் கீழேயுள்ள ஊர்கள் முன்னறிந்திருக்க வேண்டும். நீர்மட்ட அளவீடும் கதவு திறக்கும் அறிவிப்பும் சிறியவை. அவற்றுக்கு வழி தேர்வதே வீண். ஒரே அடையாள எண்ணுடன் எல்லா வலையமைப்புகளிலும் ஒருங்கே அனுப்பி, பெறும் இடத்தில் இரட்டிப்புகளை நீக்கிவிடலாம். சேத விபரப் படங்களும் நிவாரணப் பட்டியல்களும் கனமானவை. மழை விடும்வரை அவை காத்திருக்கலாம். எது சிறியது, எது காத்திருக்கலாம் என்ற வரிசையை நீர்ப்பாசனப் பொறியியலாளரும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவும் மழைக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். அதைக் கொழும்பிலுள்ள சேவை வழங்குநரிடம் விடுவது கூடாது.

செலவு கூடும் என்பது நியாயமான ஆட்சேபம். சிறு செய்திகளை மட்டுமே பல வழிகளில் அனுப்புவதால் அந்தச் செலவு கட்டுக்குள் நிற்கும்.

எஞ்சும் இடர் மொழியில் இருக்கிறது. இரிடியத்தின் சிறு செய்திக் கருவிகளில் பரவலான ஒன்று, ஒரு தடவைக்கு 270 பைட்டுகளையே பெறும். யூனிகோடின் வழக்கமான குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியுருவும் மூன்று பைட்டுகளை விழுங்குகிறது. 'கனகராயன்' என்ற பெயர் மட்டுமே 24 பைட்டு. பொய் எச்சரிக்கையைத் தடுக்க இலக்கக் கையொப்பம் இன்றியமையாதது. இன்று வழக்கிலுள்ள சுருக்கமான ஒன்றுக்கு 64 பைட்டுகள் வேண்டும். மீதி 206. அதில் 68 குறியுருக்களே அடங்கும். ஊர், நேரம், போகவேண்டிய இடம் ஆகியவற்றைச் சொல்லும் ஒரு முழுத் தமிழ் வாக்கியத்துக்கு அது போதாது. எனவே செய்மதி வழியே எண் குறியீடுகள் போகட்டும். அவற்றுக்குரிய தமிழ், சிங்கள வாக்கியங்களைக் கிராம அலுவலரின் கருவியிலேயே முன்கூட்டிப் பதித்து, ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு ஆண்டும் அந்த ஊர் மக்களைக் கொண்டே வாசித்துச் சரிபார்க்க வேண்டும்.