இரவல் வண்டியும் காப்புறுதியும்



மோட்டார் வண்டி யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அருமைப் பொருளாயிருந்த காலத்தில், ஒரு வீட்டுப் படலையில் நின்ற ஒஸ்ரின் அல்லது மொறிஸ் வண்டி அவ்வொழுங்கை முழுவதற்கும் உதவிற்று. மாப்பிள்ளை அழைப்புக்கும், நல்லூர்த் தேருக்கும், நள்ளிரவில் மூளாய் வைத்தியசாலைக்கு விரைவதற்கும் அயலார் அதனை இரவல் கேட்டனர். உடையவர் வாராவிடின் மருமகனோ அயல்வீட்டு இளைஞனோ அதனைச் செலுத்தினான். அவ்வேளை வழிப்போக்கர் ஒருவர் மோதுண்டு காலிழந்தால் அவர் குடும்பத்திற்கு ஈடு செய்பவர் யார்? வண்டியை உடையவரா, ஓட்டியவரா, காப்புறுதிக் கழகமா? இவ்வினாவுக்கு விடை காண நீதிமன்றங்களுக்குப் பல ஆண்டுகள் சென்றன.

இங்கிலாந்தில் 1924 ஆம் ஆண்டு ஒரு வழக்கு எழுந்தது. தமையனின் வண்டியை அவன் இசைவுடன் தங்கை ஓட்டுகையில் விபத்து நேர்ந்தது. உடையவரின் இசைவுடன் ஓட்டும் உறவினரும் நண்பரும் பாதுகாக்கப்படுவர் எனப் பத்திரம் கூறிற்று. ஆயினும், தமையனுக்கு நட்டம் யாதுமில்லை எனக் காப்புறுதியாளர் வாதிட்டனர். நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்காது தமையன் பக்கம் தீர்த்தது.

எனினும் ஐயம் அகன்றபாடில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், தந்தையின் வண்டியை அவர் அனுமதியுடன் ஓட்டிய மகளால் ஒரு பெண்மணி காயமுற்றார். மகளுக்கு எதிராகத் தீர்ப்புக் கிடைத்தும் பணம் கிடைக்கவில்லை. வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1933 ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற அம்முடிவு யாதெனில், ஒப்பந்தம் தந்தையோடு செய்யப்பட்டதாதலின் மகள் காப்புறுதி பெற்றவளல்லள் என்பதே. பத்திரத்தில் எழுதியிருந்தும் காயமுற்றவர் வெறுங்கையராய்த் திரும்பினார். 1971 வரை இலங்கைக்கும் அக்கழகமே இறுதி நீதிமன்றமாயிருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இத்தகைய இன்னலைத் தீர்க்கச் சட்டமே வேண்டியிருந்தது. பிரித்தானியாவின் 1930 ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியதோடு, பத்திரத்திற் குறிக்கப்பட்ட ஓட்டுநருக்கும் காப்புறுதியாளர் பொறுப்பாவர் என விதித்தது. இலங்கையில் 1938 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க மோட்டார் வண்டிக் கட்டளைச் சட்டமும், பின்னர் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் இத்துறையை ஒழுங்குபடுத்தின. காப்புறுதியின்றி வீதியில் வண்டியைப் பயன்படுத்துபவர் மட்டுமன்றி, பிறர் அவ்வாறு பயன்படுத்த அனுமதிப்பவரும் குற்றவாளியாவர் என்பது 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நெறி. ஆகவே இரவல் கொடுப்பவரின் தயாளமும் சட்டத்தின் பார்வைக்கு உட்பட்டதாயிற்று.

“இரவற் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாற்போல” என்பது நம்மவர் பழமொழி. 1935 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒருவருக்கு அதுவே நேர்ந்தது. பிறர் வண்டியை ஓட்டும்போதும் பாதுகாப்பளிக்கும் பத்திரம் அவரிடம் இருந்தது. ஆனால் தம் வண்டியைக் கைமாற்றிவிட்டு வேறொரு வண்டியை ஓட்டுகையில் விபத்து நேர்ந்தது. சொந்த வண்டி கைவிட்டுப் போனபோதே, அதனைப் பற்றி நின்ற பாதுகாப்பும் போயிற்று என நீதிமன்றம் கூறிற்று.

வண்டி கொடுப்போரும் வாங்குவோரும் இவ்வரலாற்றிலிருந்து அறியவேண்டியது ஒன்றுண்டு. திறப்பைக் கைமாற்றுமுன் பத்திரத்தை விரித்து, ஓட்டத் தகுதியுடையோர் யாவர், சொந்தத் தேவைக்கு மட்டுமா, வாடகைக்கும் உண்டா, சாரதி அனுமதிப் பத்திரம் பற்றிய நிபந்தனை யாது என்பவற்றைப் பார்த்தல் வேண்டும். நல்லெண்ணத்தோடு கொடுத்த வண்டியால் ஓர் ஏழைக் குடும்பம் ஈடின்றித் தவிக்க நேர்ந்தால், அந்த நல்லெண்ணம் எவருக்கும் பயன்படாது. உறவும் அயலும் நிலைக்க வேண்டுமாயின், உதவிக்கு முன்னே விசாரணை நிற்றல் நன்று.