379-ல் ஒன்று: எம்.ஜி. டி.பி. காரின் வரலாறும் மீட்பும்

1939 மே மாதம் இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையிலிருந்து எம்.ஜி. டி.பி. மிட்ஜெட் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வெளிவரத் தொடங்கியது. செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அக்டோபரோடு உற்பத்தி நின்றுபோனது. அந்தச் சில மாதங்களில் செய்து முடித்தவை 379 வண்டிகள்தாம். போருக்குப் பிறகு 1945-ன் இறுதியில் வந்த அதன் தம்பி டி.சி., 1949 வரை சுமார் 10,000 வண்டிகளாகப் பெருகியது. இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். டி.பி. அரிதாக இருப்பதற்கும், ஒரு டி.சி.யை டி.பி. என்று சொல்லி விற்க முடிவதற்கும் காரணங்கள் இவையே.

பழைய வண்டிகளோடு ஜவ்வாது மலை ஏறுவதை ஒட்டி வெளிவரும் இந்த மலரில், மீட்பு வேலையின் முறை பற்றிப் பேச இந்த ஒரு காரே போதும்.

ஆக்ஸ்போர்டு நகரின் மாரிஸ் கராஜ் நிறுவனத்தில் சிசில் கிம்பர் வளர்த்தெடுத்த பெயர் எம்.ஜி. சாதாரண மாரிஸ் கார்களின் பாகங்களைக் கொண்டே, எளியவர் வாங்கக்கூடிய விலையில் வேகமான வண்டி செய்யலாம் என்பது அவர் கொள்கை. 1933-ல் அல்ஸ்டர் டி.டி. பந்தயத்தில் டாசியோ நுவொலாரி எம்.ஜி. கே3 ஓட்டி வென்றபோது அந்தக் கொள்கைக்கு உலகப் புகழ் கிடைத்தது. டி.பி.யும் அதே வழியில் வந்ததுதான். அதன் 1250 சி.சி. எக்ஸ்.பி.ஏ.ஜி. இன்ஜின், மாரிஸ் டென் 'எம்' வரிசைக் காரின் 1140 சி.சி. இன்ஜினைப் பெரிதாக்கி, இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர் பூட்டிய வடிவம். சுமார் 54 குதிரைத்திறன் தரும்.

அந்த மாரிஸ் டென் நமக்கு அந்நியமானதல்ல. 1942-ல் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், இந்துஸ்தான் டென் என்ற பெயரில் தந்த முதல் கார் அதன் வழி வந்ததே. ஆகவே டி.பி.யின் இன்ஜினுக்கு இந்திய மண்ணிலும் ரத்த உறவு உண்டு.

இந்த இன்ஜினில் கை வைப்பவர் முதலில் அறிய வேண்டியது அதன் மரை. போல்ட்டின் தலைக்கு ஆங்கிலேய விட்வர்த் ஸ்பேனர்தான் பொருந்தும். மரையோ மில்லிமீட்டர் கணக்கு. முதல் உலகப் போரின்போது பிரான்சின் ஹாட்ச்கிஸ் நிறுவனம் கவன்ட்ரியில் நிறுவிய ஆலையை 1923-ல் மாரிஸ் கார்களின் உரிமையாளர் மாரிஸ் வாங்கினார். பிரெஞ்சு அளவில் மரை வெட்டும் இயந்திரங்களும் கூடவே வந்தன. அதனால் 8 மி.மீ. போல்ட்டில் மரையின் இடைவெளி 1 மி.மீ.; இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டில் அது 1.25 மி.மீ. முதல் இரண்டு சுற்று கையாலேயே ஏறும், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனர் போட்டு முறுக்கினால், எண்பது ஆண்டு தாங்கிய வார்ப்பிரும்பின் மரை ஒரு நிமிடத்தில் போய்விடும். லேத்தில் சரியான போல்ட்டைக் கடைந்து கொள்ள ஒருநாள் ஆகலாம். அந்த ஒருநாள் பொறுமைதான் இன்ஜினைக் காப்பாற்றும்.

அடுத்தது மரம். டி.பி.யின் உடல் ஆஷ் மரச் சட்டத்தின் மேல் தகடு அடித்துச் செய்தது. ஆஷ் வளைந்து கொடுக்கும், எளிதில் முறியாது. ஆனால் ஈரம் பட்டால் மட்கும், பூச்சியும் அரிக்கும். நம் ஊர் மழைக்கும் கரையானுக்கும் அது தாங்குவதில்லை. வெளித்தகடு பளபளத்தாலும் கதவு தொங்கினால் உள்ளே சட்டம் போயிற்று என்று பொருள். இத்தகைய வேலை நம்மவருக்குப் புதிதல்ல. 1840-ல் சென்னையில் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய சிம்சன் நிறுவனம், 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் வடிவமைப்பில் நீராவிக் கார் ஒன்றையே கட்டியது. ஆஷ் கிடைக்காத இடத்தில் நம் தச்சர்கள் தேக்கு போடுவதில் குற்றமில்லை. ஆனால் மட்கிய பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுப்போட வேண்டும். எங்கே தேக்கு வைத்தோம் என்று எழுதியும் வைக்க வேண்டும்.

அசலை அடையாளம் காண்பதற்கும் வழி உண்டு. ஆபிங்டன் ஆலையின் தொலைபேசி எண் 251. எனவே கார்களின் சேஸிஸ் எண்ணையும் 0251-லிருந்தே தொடங்குவது அவர்கள் வழக்கம். டி.பி.யில் ஸ்பிரிங்கின் பின்முனை ஒரு தாங்கிக்குள் வழுக்கி நகரும், டி.சி.யில் ஷாக்கிளில் தொங்கும். மீட்பவர் இந்தத் தாங்கியை எளிதில் கிடைக்கும் டி.சி. பாகத்தால் மாற்றினால், வண்டி தன் சாட்சியத்தையே இழந்துவிடுகிறது. 2021-ல் மத்திய அரசு திருத்திய மோட்டார் வாகன விதிகளும் இதையே வலியுறுத்துகின்றன. ஐம்பது ஆண்டு கடந்திருந்தால் மட்டும் போதாது. சேஸிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கே 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் உண்டு.

நாம் ஏறும் ஜவ்வாது மலையிலேயே வேறொரு நெறியும் நடைமுறையில் இருக்கிறது. காவலூர் வானாய்வகத்தில் 1972-ல் நிறுவிய ஒரு மீட்டர் ஜைஸ் தொலைநோக்கி, 1977-ல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்த அவதானிப்பில் பங்கு கொண்டது. வானாய்வகங்களில் புகைப்படத் தகடு போய் மின்னணுக் கருவி வந்தது. வந்தே ஆக வேண்டும். தொலைநோக்கியின் பயன் வானத்தைக் காண்பது. பழைய காரில் அந்தக் காரே காணத்தக்க பொருள். அதனால் அங்கே முன்னேற்றமாக இருப்பது இங்கே அழிப்பாகிவிடும்.

அதற்காக வண்டியைக் கண்ணாடிக்குள் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் வண்டிக்குப் பிரேக் குழாயும் மின்கம்பியும் புதிதாகவே இருக்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரையும் கார்க்கையும் கெடுக்கும். அவற்றை மாற்றியே தீர வேண்டும். உயிர் காக்கும் மாற்றங்கள் இவை. கழற்றிவிட்டால் பழைய நிலை திரும்பும். சேஸிஸை வெட்டுவதும் இன்ஜினை மாற்றுவதும் அப்படியல்ல.

ஆகவே மீட்பு வேலை தொடங்கும் ஒவ்வொருவரும் முதலில் ஒரு பதிவேடு வாங்க வேண்டும். கழற்றும் முன் படம், கழற்றிய பாகத்துக்கு எண், மாற்றியதற்குக் காரணம், வேலை செய்த தச்சர், டிங்கர், லேத்காரர் ஆகியோரின் பெயர் எல்லாம் அதில் ஏறட்டும். வண்டி கைமாறும்போது அந்தப் பதிவேடும் கைமாறட்டும். அடுத்து அதைத் திறந்து பார்ப்பவருக்கு, எது ஆபிங்டனில் செய்தது, எது நம் பட்டறையில் செய்தது என்பது தெரிய வேண்டும். இரண்டுமே பெருமைக்குரிய வேலைகள்.