ஏறாத குதிரையும் ஆடுகுதிரையும்

பொம்மைக் கடையில் போய் ‘ராக்கிங் ஹார்ஸ்’ என்றுதான் கேட்கிறோம். அதையே தச்சரிடம் செய்யச் சொன்னால் ‘மரக்குதிரை’. எழுத்து நடையில் ‘ஆடுகுதிரை’. மரக்குதிரை என்ற சொல்லில் ஆட்டம் இல்லை. நம் பழைய பாடல்கள் காட்டுகிற மரக்குதிரையும் ஆடவில்லை; அதன்மேல் குழந்தை ஏறவும் இல்லை.

குறுந்தொகை 61ஆம் பாட்டில் தும்பிசேர் கீரனார் தச்சன் செய்த சின்னக் குதிரை வண்டி ஒன்றைக் கொண்டுவருகிறார். பிள்ளைகள் அதில் ஏறிப் போக முடியாது; கையால் இழுத்தே மகிழ்கிறார்கள். தலைவனோடு கூடி இன்புறாவிட்டாலும் அவன் நட்பே எங்களுக்குப் போதும் என்று தோழி சொல்ல, அந்தப் பொம்மை சாட்சி. ஏற முடியாது என்பதுதான் உவமையின் உயிர். பெரும்பாணாற்றுப்படையும் இப்படி ஏறிச் செல்லாத தேரை உருட்டும் சிறுவர்களைச் சொல்கிறது. அது தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேராம். பட்டினப்பாலையின் சிறுதேருக்கு மூன்று சக்கரம் உண்டு, குதிரை கிடையாது. கோழியை விரட்டப் பெண்கள் வீசிய காதணி அதன் வழியை மறித்துக் கிடக்கிறது.

ஏறிச் செலுத்துவதற்கு அன்றைய வினை ‘ஊர்தல்’. யானையையும் குதிரையையும் தேரையும் ஊர்ந்தார்கள். இன்று எறும்பும் பாம்பும் ஊர்கின்றன; பழைய பொருள் ‘ஊர்தி’யில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் பொய்க்குதிரையை ஊர்ந்தவனும் ஒருவன் உண்டு. அவன் குழந்தை அல்ல, காதலன். பெண்ணைத் தராவிட்டால் பனைமடலால் குதிரை செய்து அதன்மேல் தெருவில் வருவேன் என்று மிரட்டுவான். மடலூர்தல் என்று அதற்குப் பெயரே உண்டு. பனங்கருக்கின் கூர்மை தெரிந்தவர்களுக்கு மிரட்டலின் தீவிரம் புரியும். நற்றிணை 220இல் அந்தக் குதிரைக்குச் சிறுமணி கட்டியிருக்கிறது, அவன் தலையில் எருக்கங்கண்ணி, கூடவே தெருத்தெருவாகச் சுற்றும் சின்னப் பிள்ளைகள். இரை எடுக்காத குதிரை என்று புலவர் அதைச் சொல்வது குறும்பா இரக்கமா என்று பிரிக்க முடியவில்லை. எனக்குக் குறும்பாகத்தான் படுகிறது.

குதிரையின் பழைய பெயர்களான மா, பரி, புரவி, இவுளி எல்லாம் ஏட்டோடு நின்றுவிட்டன. இவுளிக்கு மட்டும் தூரத்து உறவு ஒன்று இருக்கிறது: பலுசிஸ்தானத்துப் பிராகூயி மொழியில் குதிரைக்கு ‘உல்லி’ என்று பெயர், திராவிடச் சொற்பிறப்பு அகராதி இரண்டையும் ஒரே பதிவில் வைத்திருக்கிறது. பேச்சில் தங்கியது குதிரை. குதிப்பதால் குதிரை என்ற வகுப்பறை விளக்கத்தில் எனக்கு அரை நம்பிக்கைதான். விலங்கைத் தாண்டியும் அந்தச் சொல் போயிருக்கிறது. வீணையிலும் வயலினிலும் தந்திகளைத் தாங்கும் துண்டு குதிரை. துப்பாக்கியிலும் ஒரு குதிரை உண்டு.

மரக்குதிரையை ஆடவைத்தது கோயில். வாகனக் குதிரைக்குக் கால் தரையில் படாது, தாங்கிகளின் தோள்தான் கால். திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசித் திருவிழாவின் வேடுபறி நாளில் நம்பெருமாள் குதிரை வாகனத்தில் வையாளி கண்டருளுவார். தாங்கிகள் முன்னும் பின்னும் ஓடி, வளைந்து திரும்பி, குதிரைக்கு ஓட்டம் தருவார்கள். வையாளி என்றாலே குதிரை ஏற்றம்.

வளைந்த சட்டத்தில் நின்று தானே ஆடும் குதிரை ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே 17ஆம் நூற்றாண்டிலேயே பெரிய வீட்டுப் பிள்ளைகள் ஏறியிருக்கிறார்கள். அதற்கும் முந்தியது கோலின் நுனியில் குதிரைத்தலை வைத்த பொம்மை. ‘ஹாபி’ முதலில் ஒரு சிறுசாதிக் குதிரை, பிறகு இந்தக் கோல்குதிரை, கடைசியில் பொழுதுபோக்கு. இரண்டு கால்களுக்கு நடுவில் கோலை இடுக்கி ஓடிய குழந்தை ஒரு சொல்லையே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

‘ஆடுகுதிரை’ நல்ல வினைத்தொகை. ஆடுகளம் போல நிற்கிறது. ‘ஆட்டுக்குதிரை’ என்று எழுதினால் கொட்டிலில் கட்ட வேண்டிவரும். பெயரின் முன்பாதி முழுக்க அடியில் இருக்கும் இரண்டு வளைசட்டங்களைப் பொறுத்தது. தலையும் பிடரியும் கொஞ்சம் கோணினால் குழந்தை மன்னித்துவிடும், சட்டம் மன்னிக்காது. குழந்தை ஏறியதும் மொத்த எடையின் மையம் ஏறத்தாழ இருக்கை உயரத்துக்கு வந்துவிடும். வளைவின் ஆரம் அந்த உயரத்தைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருந்தால்தான் சாய்ந்த குதிரை திரும்பி வரும், குறைந்தால் கவிழும். ரொம்பக் கூடினாலும் சுகமில்லை, ஆட்டம் படபடவென்று குட்டையாகிவிடும். ஒரே பலகையில் வளைவை அறுத்து எடுப்பதுதான் வழக்கமான தவறு. மரத்தின் நார் நேராக ஓடுகிறது, சட்டம் வளைகிறது. முனைக்குப் போகப்போக நார் குறுக்கே வெட்டுப்பட்டு, முதல் அதிர்ச்சியில் அங்கேதான் பிளக்கும். மெல்லிய கீற்றுகளை அச்சில் வளைத்து, பசை போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினால் நாரும் வளைவோடு வரும். பசை நன்றாகக் காய்ந்த பிறகே அச்சிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு சட்டத்தையும் ஒரே அச்சில் செய்யாவிட்டால் குதிரை நேரே ஆடாமல் பக்கவாட்டில் நகர்ந்து சுவரைத் தேடிப் போகும்.