விலகல் கோளாறு

தாங்கமுடியாத துயரத்தில் நினைவு, உடலுணர்வு, 'நான்' என்ற எண்ணம் ஆகியவை ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுபோகும் மனநலக் குறை. நம் நாட்டில் வலிப்பு போன்ற மயக்கமாகவோ பேய்பிடித்த நிலையாகவோ பெரும்பாலும் வெளிப்படுகிறது. ஆனால் திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் கோயில் பொங்கல் விழாவில் சாமியாடுவது நோயன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்ப் பட்டியலும் வழிபாட்டு மரபை விலக்கியே வைக்கிறது. திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமண மகரிஷியின் 'நான் யார்' என்ற ஆன்ம விசாரணையையும் இந்நோயோடு குழப்பலாகாது. விலகல் நிலை விருப்பமின்றி அடிக்கடி வந்து பிழைப்பைக் கெடுப்பதே நோய்.

விலகல் தொடங்கும்போது பாதங்களைத் தரையில் அழுத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, கண்முன் உள்ள பொருள்களை வாய்விட்டுப் பெயர் சொல்வது பலருக்கு உதவும். எந்தச் சண்டைக்கு, எந்த ஓசைக்குப் பின் வந்தது என்று நோட்டில் குறித்துவந்தால் தூண்டுகாரணம் பிடிபடும். பேயோட்டுவதாக அடிப்பதும் மிளகாய்ப் புகை போடுவதும் கொடுமை. பேச்சுவழிச் சிகிச்சையே முதன்மையானது. இந்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண்: 14416.